தனியார் நிலத்து மரம் யாருடையது?

காடு என்றதும் அரசின் காப்புக்காடுகளே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நாட்டின் மரச்செல்வத்தில் கணிசமான பகுதி உழவர்தம் வரப்புகளிலும் தோட்டங்களிலும் நிற்கிறது. அதனைப் பேணும் பொறுப்பைத் தனியார் ஏற்க வேண்டுமாயின், அம்மரம் யாருடையது என்ற வினாவுக்கு முதலில் விடை காண வேண்டும்.

சந்தனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1792-இல் திப்பு சுல்தான் அதனை அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார். பின்வந்த ஆட்சிகளிலும் அந்நிலை நீடித்தது. பட்டா நிலத்தில் தானே முளைத்த கன்றும் அரசின் உடைமையே. காவற்பொறுப்பு மட்டும் நிலத்துக்குரியவருடையது. மரம் களவு போனால் விசாரணை அவர் வாயிலிலேயே வந்து நிற்கும். ஆகவே, கன்றைக் கண்டவுடன் பிடுங்கி எறிவதே நலம் என உழவர் பலர் கருதினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 2001-இல் கர்நாடகமும் 2002-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, மரத்தை நிலவுடைமையாளருக்கே உரியதாக்கின. தனியார் சந்தனத் தோட்டங்கள் பெருகியது அதன் பின்னரே. எனினும் களவு அச்சமும் வெட்டுவதற்கான அனுமதி நடைமுறைகளும் நீங்கிவிடவில்லை.

மூங்கிலின் கதை சற்று வேடிக்கையானது. தாவரவியலார் புல் எனக் கொள்ளும் அதனை, 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மரம் என்றது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை விடுவிக்கும் நோக்குடன் செய்யப்பட்ட திருத்தம் 2017-இல் அவசரச் சட்டமாக வந்து, 2018-இல் சட்டமாயிற்று.

குடகு எழுப்பும் சிக்கல் இவற்றினும் கடினமானது. அங்குக் காப்பிச் செடிகள் காட்டு மரங்களின் நிழலில் வளர்கின்றன. ஆனால் மரமதிப்பு செலுத்தி விடுவிக்கப்படாத நிலங்களில், அந்நாட்டு மரங்களின் மீது அரசே உரிமை கொண்டாடி வந்துள்ளது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்துக்கோ இத்தகைய தடை இல்லை; அது விரைவில் வளரும், மிளகுக் கொடிக்கும் கொழுகொம்பாகும். தோட்டக்காரர் நாளடைவில் அதன்பால் சாய்ந்ததில் வியப்பில்லை.

1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்தை உழவரோடு நேரடித் தொடர்பு கொண்டு பெறுமாறு கூறிற்று. 2014-ஆம் ஆண்டின் தேசிய வேளாண் காடுகள் கொள்கை, வெட்டுதல், எடுத்துச் செல்லுதல் பற்றிய விதிகள் தடையாய் இருப்பதை ஒப்புக்கொண்டது. இரண்டும் பயனுள்ளவை, ஆனால் மரத்தை விற்பவருக்கே அவை பெரிதும் உதவும். காவிரி பிறக்கும் மலையில் பழைய நிழல் மரங்களை வெட்டாது நிறுத்தி வைப்பவருக்கு வேறுவகை உதவி வேண்டும். மர உரிமையை நிலத்தோடு சேர்த்து வழங்குவதும், நிற்கும் நாட்டு மரத்தைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் உதவித்தொகை அளிப்பதும் அதற்குரிய முதற்படிகளாகும்.