நாள் தள்ளிப் போவதற்கு முன்னால்...

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடியைப் பற்றிப் பேசாத கூட்டமே நம்மிடம் கிடையாது. ஆனால் நாம் பேசுவதெல்லாம் ஆண்களின் குடியைப் பற்றித்தான். நம்மில் சிலரும் குடிக்கிறோம் என்பதைப் பேசுவதில்லை. செங்கல் சூளையிலும் குவாரியிலும் நாள் பூரா குனிந்து நிமிர்ந்துவிட்டு, "உடம்பு வலி தாங்கல மேடம், கொஞ்சம் போட்டாத்தான் தூக்கம் வருது" என்று எங்களிடம் சொன்ன சகோதரிகள் இருக்கிறார்கள்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் மது ஒழிப்பு பற்றி ஆவேசமாகப் பேசினோம். "குடிக்கிற பொம்பள ஒரு நல்ல தாயா இருக்க முடியுமா?" என்று கேட்டோம். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு சகோதரி மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது நாலு மாசம். அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது சொன்னார்: "நான் குடிக்கிறது வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகுமா ஆகாதான்னு கேக்கத்தான் அன்னிக்கு வந்தேன். நீங்க பேசினதைக் கேட்டதும் எனக்கு வாயே வரல."

கை தட்டல் வாங்கிய நாங்கள், ஒரு கேள்வியின் வாயை அடைத்துவிட்டோம். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

பிள்ளை உருவாகும் கணக்கு

டாக்டர்கள் கடைசியாக மாதவிலக்கு வந்த நாளிலிருந்து கணக்குப் போடுவார்கள். நாம் இங்கே கரு தரித்த நாளிலிருந்து கணக்குப் போடுவோம்.

மூன்றாவது வாரத்தில் கரு ஒரு சின்னத் தகடு மாதிரி இருக்கும். அதில் மூன்று அடுக்குகள் உண்டாகின்றன. மூளை, எலும்பு, தோல், குடல் எல்லாமே இந்த மூன்று அடுக்கிலிருந்து வருபவைதான். சுமார் 22ஆம் நாள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28ஆம் நாள் வாக்கில், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் கை, கால், கண், காது எல்லாவற்றுக்கும் உருவம் வந்துவிடுகிறது. மூளை மட்டும் பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கரு தரித்து சுமார் 14 நாள் கழித்துத்தான் மாதவிலக்கு வர வேண்டிய நாள். வரவில்லை. "வேலை அலுப்புல தள்ளிப் போயிருக்கும்" என்று இன்னும் பத்து நாள் விடுகிறோம். அப்போது கருவுக்கு வயது 24 நாள். அதன் இதயம் துடிக்க ஆரம்பித்துவிட்டது. நமக்குத்தான் இன்னும் தெரியாது.

மது உள்ளே போனால்...

நஞ்சுக்கொடி ஒரு வடிகட்டி மாதிரி எல்லாக் கெட்டதையும் நிறுத்திவிடும் என்று நாம் நினைக்கிறோம். மதுவை அது நிறுத்தாது. கொஞ்ச நேரத்தில் தாயின் இரத்தத்தில் இருக்கிற அளவே பிள்ளையின் இரத்தத்திலும் சேர்ந்துவிடும். நமக்கு அதை முறிக்க ஈரல் இருக்கிறது. பிள்ளையின் ஈரல் இன்னும் பக்குவப்படவில்லை. வளர்ந்த சிசுவாக இருந்தால், சிறுநீர் வழியாக மது பனிக்குடத் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீரையே பிள்ளை மறுபடி விழுங்கும்.

கருவில் இருக்கும் செல்கள் நாற்றங்காலில் இருக்கும் நாற்று மாதிரி. பிடுங்கி அந்தந்த வயலில் நட்டால்தான் பயிர். செல்களும் பெருகி, தங்கள் இடத்துக்கு நகர்ந்து போய் உட்கார வேண்டும். மது சில செல்களைச் சாகடிக்கிறது, சிலவற்றைப் பாதை மாற்றிவிடுகிறது. பின்னால் எவ்வளவு சத்துணவு கொடுத்தாலும் அந்தக் காலி இடம் நிரம்பாது.

1968இல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் பால் லெமுவான், குடிப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர டாக்டர்கள் ஜோன்ஸ், ஸ்மித் இருவரும் இந்தப் பாதிப்புக்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். சின்னக் கண்திறப்பு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளம் இல்லாமை, மெல்லிய மேலுதடு, குறைந்த எடை, சின்னத் தலை ஆகியவை இதன் அடையாளங்கள். மனிதக் கருவின் மூன்றாவது வாரத்துக்குச் சமமான நாளில் எலிகளுக்கு மது கொடுத்தால் இதே மாதிரி முகம் உண்டாகிறது என்று 1981இல் கேத்லீன் சுலிக் என்ற பெண் விஞ்ஞானி காட்டினார்.

ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முகத்தில் ஒன்றும் தெரியாது. நேற்றுப் படித்தது இன்று மறந்துபோகும். கணக்கு வராது. ஒரு இடத்தில் உட்காராது. நாம் அதை "மந்தம்", "அடங்காப்பிடாரி" என்று சொல்லி அடிக்கிறோம். அடித்து மாற்றக் கூடியதா இது?

நாம் சொல்லும் சமாதானங்கள்

"பீர்தானே, குளிர்ச்சி." 650 மில்லி பீர் பாட்டில் ஒன்றில், 30 மில்லி பிராந்தி இரண்டு தடவைக்கு மேல் ஊற்றிக் குடித்தால் எவ்வளவு மது இருக்குமோ அவ்வளவு இருக்கிறது. கள்ளானாலும் பிராந்தியானாலும் உள்ளே இருப்பது ஒரே பொருள்தான்.

"கொஞ்சமாத்தானே." கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது.

"அஞ்சு மாசம் ஆயிடுச்சு, இனிமே விட்டு என்ன?" இது ரொம்பத் தப்பு. மூளை கடைசி நாள் வரை வளர்கிறது. எந்த மாசத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு லாபம்தான்.

யார் குற்றம்?

இதைக் கேட்டுவிட்டு, ஊரில் ஒரு குழந்தை பேச்சு வராமல் இருந்தால் "தாய் குடிச்சிருப்பா" என்று யாரும் கிளப்பிவிடக் கூடாது. குழந்தை வளர்ச்சிக் குறைவுக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு.

பெண்கள் குடிப்பதற்கும் காரணங்கள் உண்டு. இந்தப் பாதிப்பு உலகத்திலேயே மிக அதிகமாகக் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதி. அங்கே திராட்சைத் தோட்டக் கூலிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்து வந்தார்கள். அந்த முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் பழக்கம் போகவில்லை. அந்தத் தாய்மார்களை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? வலிக்கு மருந்தும், ஓய்வும், நியாயமான கூலியும் இல்லாத இடத்தில்தான் பாட்டில் நுழைகிறது.

நாம் செய்யக் கூடியவை

1. பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்த மாதத்திலேயே மதுவை நிறுத்த வேண்டும். நாள் தள்ளிப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கணவரும் கூடவே நிறுத்தினால் மனைவிக்குச் சுலபம்.

2. நாள் தள்ளிப் போனால் உடனே கிராம சுகாதார செவிலியரிடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குடித்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

3. தினமும் அதிகமாகக் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். விவரம் கேட்க 104க்குப் போன் செய்யலாம்.

4. குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். இதைக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் பயிற்சி கொடுத்தால் குழந்தை நிறையக் கற்றுக்கொள்ளும்.

5. எந்தக் குழுவிலும் இனி ஒரு பெண்ணைக் "குடிகாரி" என்று சொல்லக் கூடாது. இதைத் தீர்மான நோட்டிலேயே எழுதுவோம்.

அந்தச் சகோதரியை நாங்களே செவிலியரிடம் அழைத்துப் போனோம். ஐந்தாவது மாதத்தில் நிறுத்தினார். பிள்ளை எடை குறைவாகத்தான் பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது, நன்றாகப் பாடுகிறது, கணக்குத்தான் வரவில்லை. அதற்கு மதுதான் காரணமா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. நாமும் சொல்லக் கூடாது. ஆனால் அவர் எங்களிடம் ஒன்று கேட்டார்: "இதை எனக்குக் கல்யாணம் ஆனப்பவே யாராச்சும் சொல்லியிருக்கலாமே மேடம்?"

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், உங்கள் தெருவில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள். திட்டாமல் சொல்லுங்கள்.