தோல் பதனிடுகிறவன் வீட்டு மாடி



யோப்பாவில் பேதுரு யார் வீட்டில் தங்கினார்? ஞாயிறு பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும்: தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். செத்த மாட்டைத் தொடுகிறவன் தீட்டு என்று ஊரே ஒதுங்கிப் போன காலம் அது. பேதுரு ஒதுங்கவில்லை. அநேக நாள் அங்கேயே தங்கினார், அந்த வீட்டு மாடியிலேயே ஜெபித்தார், பசி எடுத்தபோது அந்த வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் காத்திருந்தார். யூதரல்லாத நமக்கெல்லாம் சபையின் கதவைத் திறந்துவிட்ட தரிசனம் எருசலேம் தேவாலயத்தில் வரவில்லை ஐயா, ஒரு தோல் ஷாப்புக்காரர் வீட்டு மாடியில் வந்தது! பேதுரு பெயரில் கோயில் கட்டினோம், பவுல் பெயரில் கட்டினோம். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோலை நம்பிச் சோறு தின்கிற நம்மில் யாராவது, அந்தச் சீமோன் பெயரில் ஒரு கோயில் காட்டுங்கள் பார்ப்போம்.

காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாற்றம் இல்லை, சாதி. கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது என்கிற 1950-ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்துக் கறுப்புக் கொடி பிடிக்கிறோம். பிடிக்க வேண்டியதுதான். ஆனால் கொடியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது முதல் கேள்வியாக எதைக் கேட்கிறோம்?

இதையெல்லாம் பேசினால், “ஆராதனை வேறு, தொழில் வேறு, கோயிலுக்குள் அரசியல் வேண்டாம்” என்கிறார்கள். இந்த வேலூர் மண்ணில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எப்படி வாய் வருகிறது? ஐடா ஸ்கடர் அம்மா 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்த கதையை வருஷா வருஷம் சொல்லிக் கேட்டுவிட்டீர்கள்; அதை விடுகிறேன். நம் தொழிலுக்கு நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் சொல்வதே இல்லை.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளியின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். ஆனால் காலில் ஆறின புண் திரும்பத் திரும்ப வந்தது. சதை தானாக அழுகுகிறது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். பிராண்ட் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். அழுகவில்லை, வலி தெரியாததால் அந்த மனுஷன் காயத்தின் மேலேயே நடந்துகொண்டிருந்தான். ராத்திரி எலி விரலைக் கடித்தால்கூடத் தெரியவில்லை. அதற்காக, வீட்டுக்குப் போகிற நோயாளியிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார்களாம்! பிறகு செருப்புக்கு வந்தார்கள். ஆணி அடித்த செருப்பு ஆகாது, ஆணி மேலே ஏறினாலும் அவனுக்குத் தெரியாது. உள்ளே மிருதுவான நுண்துளை ரப்பர், முள் ஏறாமல் அடியில் கெட்டியான தகடு, நழுவாமல் இருக்கக் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். உடம்புப் பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பாதம் முழுக்கப் பரவியது, புண் ஆறியது. நம் ஊர்க்காரர்கள் எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்வது இதைத்தான். 1955-இல் தொழுநோயாளிகளுக்கென்றே கரிகிரி ஆஸ்பத்திரி வந்தது. ஒரு சர்ஜன் உட்கார்ந்து செருப்புத் தைப்பவரோடு வாரையும் அட்டையையும் பற்றி யோசித்தாரே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? நான் ஆராதனை என்கிறேன். நம் கன்வென்ஷன் பந்தலில் நாலு மைக் வைத்துச் செய்வதைவிட உயர்ந்த ஆராதனை.

இப்போது பாலாற்றுக்கு வாருங்கள். தோல் ஷாப்புக் கழிவு ஆற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும். நாடெங்கும் சட்டம் படிக்கிற பிள்ளைகள் வேலூர் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பாடம் படிக்கிறார்கள். நம் பிரசங்க பீடத்தில் அதை எத்தனை தடவை கேட்டீர்கள்? 2015 ஜனவரி 31, விடியற்காலை. ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றிலேயே செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு ஆராதனையில் உங்கள் கோயிலில் அந்தப் பத்துப் பேருக்காக ஒரு வரி ஜெபம் ஏறெடுத்தார்களா? நினைத்துப் பாருங்கள். பத்து வருஷம் நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 2025 ஜனவரி 30-இல், அதே நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடியும் பேச வேண்டியிருந்தது. நாம் மழைக்கு மட்டும் உபவாச ஜெபம் வைக்கிறோம். மழை பெய்து எந்த ஆற்றில் ஓட வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்கிறோம்?

தோல் ஷாப்பு முதலாளிகளை மட்டும் திட்டிவிட்டுப் போக நான் வரவில்லை. கூலியைப் பிடித்து வைக்கிறவனைப் பற்றி யாக்கோபு எழுதியது சபைக்குத்தான். நம் பள்ளிக்கூடம், நம் ஆஸ்பத்திரி, நம் கோயில் வளாகத்தில் கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு பி.எஃப். பிடிக்கிறோமா? இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் கூவி எடுக்கிற கை, இந்தக் கணக்கு நோட்டைப் புரட்ட ஏன் கூசுகிறது?

பெரிய வியாழன் வருகிறது. பன்னிரண்டு பேரை நாற்காலியில் வரிசையாக உட்காரவைத்துக் கால் கழுவுவோம். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்த கால்கள்! இந்த வருஷம் சுண்ணாம்புத் தண்ணீரில் வெடித்த கால்கள் அங்கே உட்காரட்டும். ஞானஸ்நானம் வாங்கினவனா என்று வாசலில் கேட்காதீர்கள். கழுவுவதற்கு முன்னால் அவனுக்கு கம்பூட்டு கிடைத்ததா, கையுறை கிடைத்ததா என்று கமிட்டி போய் விசாரித்துவிட்டு வரட்டும். இதை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுத்து மூலமாகத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். எதிர்க்கிறவர்கள் தாராளமாக எதிர்க்கலாம். யார் யார் எதிர்த்தார்கள் என்று பெயரோடு மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுவேன்.