வானத்திலே விழுந்த மீன்



புறநானூற்றின் 229ஆம் பாட்டை இரங்கற் பாட்டு என்று சொல்லி அப்பால் நகர எனக்கு மனம் வருவதில்லை. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடியது அது. நள்ளிரவில் ஒரு மீன் விழக் கண்டார்; ஏழாம் நாள் அரசன் மாண்டான். செய்தி இவ்வளவே.

ஆனால், கண்டதை அவர் சொல்லும் முறையைப் பாருங்கள். பங்குனியின் முற்பாதி. கார்த்திகையின் முதற்கால். உச்சியிலிருந்து உத்தரம் சாய்கிறது. கிழக்கே மூலம் எழுகிறது. மேற்கே மிருகசீரிடம் தாழ்கிறது. பங்குனி நள்ளிரவில் முற்றத்தில் நின்று நீங்களே இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். காரிருள் என்றதும் அலங்காரமன்று. அம்மாதத்திலே கார்த்திகையில் நிற்கும் பிறை, நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிடும். அனுடத்தை வளைந்த பனை என்கிறார். பனை நாட்டவராகிய நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

விழுந்த மீனோ கிழக்கே செல்லவில்லை, வடக்கே செல்லவில்லை. நிலத்துக்கு விளக்காகி, தீப்பரந்து, காற்றிலே பொங்கி வீழ்ந்தது. சாதாரண எரிநட்சத்திரம் ஒரு மெல்லிய கோடு மட்டுமே. விடிவெள்ளியிலும் பிரகாசமாக எரிவதையே வானியலார் தீப்பந்து என்பர். செக்கனுக்கு 11 கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்தில் வளிமண்டலத்துள் நுழையும் கல் அது. புலவர் கண்டது தீப்பந்தே என்பது என் துணிபு.

சில ஆண்டுகளுக்கு முன், உரும்பிராயில் எங்கள் வளவுக்குப் பின்னாலுள்ள வாழைத் தோட்டத்தின் மேலே, ஒரு மார்கழி இரவில் நானும் அத்தகையதொன்றைக் கண்டேன். பச்சை கலந்த வெள்ளொளி. வாழையிலைகளின் நிழல் செம்மண்ணிலே ஓடிற்று. மூன்று செக்கன் இருக்கலாம். கிணற்றடியில் நின்ற அயல்வீட்டு ஆச்சி, கட்டோடு ஒட்டிக் குந்திவிட்டார்.

“பரா வெளிச்சமே மோனை?”

“இல்லை ஆச்சி, எரிநட்சத்திரம்.”

அவர் எழும்பவில்லை. சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

2009இன் பின் பிறந்த என் மாணவர்கள், “பரா என்றால் என்ன சேர்?” என்று கேட்கிறார்கள். 90களில் எங்களுக்கு அதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது வானிலே தொங்கித் தொங்கி இறங்கும், ஊர் பகலாகும். தொலைவில் ஷெல் குத்தும் சத்தம் கேட்டால், விழும்வரை எண்ணுவோம்.

ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் 2013 பெப்ரவரி 15ஆம் திகதி ஒரு பெரும் தீப்பந்து வெடித்தது. வெளிச்சத்தைக் கண்டவர்கள் யன்னலருகே ஓடி வேடிக்கை பார்த்தார்கள். அதிர்வு பிந்தி வந்தது. ஏறத்தாழ 1500 பேர் காயப்பட்டனர். பலரைக் காயப்படுத்தியது உடைந்த கண்ணாடி. எங்கள் ஆச்சி யன்னலுக்குப் போயிருக்கமாட்டார்.

கூடலூர் கிழாரும் காத்திருந்தவரே. மன்னன் நோயின்றி இருந்தால் நல்லது என்று, நெஞ்சம் மெலிந்து அஞ்சிய ஏழு நாள்கள் அப்பாட்டிலே இருக்கின்றன. பிறகு யானை துதிக்கையை நிலத்தில் இட்டுக் கிடக்கிறது. முரசு கிழிந்து உருள்கிறது. குடை காம்பொடிந்து வீழ்கிறது. குதிரை நடையின்றி நிற்கிறது. தீநிமித்தங்கள் என்று உரை சொல்லும். இரவும் பகலும் அரண்மனை வாயிலையே பார்த்திருந்த ஒருவருக்கு மட்டுமே இவை ஒவ்வொன்றாகக் கண்ணிற் படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் அவர் வானத்தைப் பற்றிப் பேசவே இல்லை. மேலுலகம் சென்றவன், தன் துணையாயிருந்தோரை மறந்துவிட்டானோ என்று மட்டும் கேட்கிறார்.