தலைக்கணக்கில் நம்ம வேலை
(கூட்டமைப்பு விழாவில் ஆற்றிய உரை)



குழுவுல யாருக்கு எவ்வளவு சேமிப்பு, யார் எவ்வளவு கடன் பாக்கின்னு கேட்டா, நோட்டைப் பார்க்காமலே சொல்லிடுவோம். நம்ம மாவட்டத்துல எத்தனை ஊராட்சி, எத்தனை பெண்கள்னு கேட்டா கொஞ்சம் யோசிப்போம். அந்தக் கணக்கும் நம்ம கணக்குதான்னு சொல்லத்தான் நான் வந்திருக்கேன்.

1985 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது நம் திண்டுக்கல் மாவட்டம். ஊராட்சி ஒன்றியங்கள் 14, ஊராட்சிகள் 306. மேற்கே கொடைக்கானல் மலை, தென்கிழக்கே சிறுமலை. இதுக்கு நடுவுலயும் வடக்கேயும் நம்ம சமவெளி.

இங்க பெய்யுற மழைக்கு ரெண்டு வழி இருக்கு. ஆத்தூர் பக்கம் பெய்யுற தண்ணி குடகனாறா வடக்கே ஓடி, வேடசந்தூர் தாண்டி அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகுது. பழனிப் பக்கத்துத் தண்ணியும் சண்முகாநதி வழியா அமராவதிக்குத்தான். வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கம் மஞ்சளாறும் மருதாநதியும் வைகையில சேருது.

தண்ணியும் மண்ணும் எப்படியோ, பிழைப்பும் அப்படி. நிலக்கோட்டையில பூ, ஒட்டன்சத்திரத்துல காய்கறி, நத்தத்துல மாவும் புளியும், சின்னாளபட்டியில சுங்குடி, வேடசந்தூர்ல நூல் மில்லு. மானாவாரி ஊர்கள்ல மழை ஏமாத்துற வருஷம் ஆடும் மாடும்தான் குடும்பத்தைத் தாங்குது. இந்த வேலை எல்லாத்துலயும் பெண்ணோட கை இருக்கு.

2011 கணக்கெடுப்புப்படி நம்ம மாவட்டத்து மக்கள் 21,59,775 பேர். ஆண்கள் 10,80,938, பெண்கள் 10,78,837. அதாவது ஆயிரம் ஆணுக்கு 998 பெண். நூத்துக்கு சுமார் 63 பேர் கிராமத்துலதான் இருக்கோம்.

இந்த எண்ணால நமக்கு என்னன்னு கேட்கலாம். சமவெளியில 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலையில 20,000-க்கும் 3,000-க்கும் ஒண்ணு. அரசாங்கம் வச்சிருக்கிற அளவு இதுதான். ஊராட்சிக்கு வர்ற நிதிக்குழு மானியமும் தலைக்கணக்கைப் பார்த்துத்தான் வருது. ஒரு குடும்பம் விட்டுப்போனா அந்த ஊருக்கே நஷ்டம்.

தலையை எண்ணுறதோட கணக்கெடுப்பு முடியறதில்ல. என்ன வேலை செய்யுறீங்கன்னும் கேட்பாங்க. அங்கதான் நாம கோட்டை விடுறோம். வாசல்ல நின்னு, "சும்மா வீட்லதான் இருக்கேன்"னு சொல்லிடுறோம். வந்தவர் 'வேலை செய்யாதவர்'னு எழுதிட்டுப் போயிடுவார்.

போன கணக்கெடுப்பு விதியைக் கேளுங்க. சொந்தத் தோட்டத்துல கூலி வாங்காம பாடுபட்டாலும் அது வேலை. குடும்பத் தொழில்ல கூடமாட உதவினாலும் வேலை. கறக்குற பாலை விக்காம வீட்டுக்கே வச்சுக்கிட்டாலும் வேலை. வருஷத்துல ஆறு மாசமும் அதுக்கு மேலயும் செஞ்சா முதன்மைத் தொழிலாளர், அதுக்குக் குறைஞ்சா குறுந்தொழிலாளர். சமைக்கிறது, தண்ணி தூக்குறது, பிள்ளை பார்க்கிறது இந்தக் கணக்குல வராது. அது நியாயமாங்கிறது தனிப் பேச்சு. ஆனா வரவேண்டியதையே நாம விட்டுடக்கூடாது இல்லையா?

குழுக் கடன்ல மாடு வாங்கியிருக்கோம், தையல் மெஷின் வாங்கியிருக்கோம். தவணை தவறாம கட்டியிருக்கோம். சும்மா இருக்கிறவ எப்படிம்மா தவணை கட்டுவா?

2021-ல நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிடுச்சு. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ அடிப்படையா வச்சு நடக்கும்னு அரசு அறிவிச்சிருக்கு. அதனால நான் உங்ககிட்ட கேட்கிறது மூணு காரியம். ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் கூட்டத்துல இதைப் பேசி தீர்மான நோட்டுல எழுதணும். ரெண்டு, தனியா இருக்கிற வயசான அம்மாக்கள், வெளியூர்லருந்து தோட்டத்துலயும் சூளையிலயும் வந்து தங்கியிருக்கிற குடும்பங்கள் விட்டுப்போகாம பார்த்துக்கணும். மூணு, கணக்கெடுக்க வர்றப்ப வீட்டுக்காரர்தான் பதில் சொல்லணும்னு ஒதுங்கி நிக்காம, நம்ம வேலையை நாமே சொல்லணும்.

"பூ பறிக்கிறேன், மாடு வச்சிருக்கேன், தறியில உதவுறேன்"னு சத்தமா சொல்லுங்க. எழுதினதை ஒருதடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க.