செயினுக்குள் போகாத எண்ணெய்



தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஆறுமுகநேரிக்குச் சற்று முன்னால், ஒரு மாலை நேரத்தில் என் மோட்டார் சைக்கிளின் செயின் அறுந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். அதன்பின் என்ஜின் மட்டும் அலறியது, வண்டி நகரவில்லை. அறுந்த செயின் பின்சக்கரத்தில் சிக்கியிருந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு என்னைத் தூக்கி எறிந்திருக்கும். தள்ளிக்கொண்டே போய் ஒரு சிறிய பட்டறையைச் சேர்ந்தேன். அங்கிருந்த பெரியவர் செயினை எடுத்துச் செய்தித்தாளில் கிடத்தினார்.

நான் செயினுக்கு எண்ணெய் போடாதவன் அல்ல. வாரம் தவறாமல் ஊற்றுவேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் ஒரு கண்ணியின் பின்னைத் தட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளித்தகடுகளில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பின்னோ காய்ந்து, செங்காவி நிறத் தூள் படிந்து, நடுவில் தேய்ந்து ஒடுங்கியிருந்தது.

"தம்பி, வெளிய எண்ணெயா ஊத்தியிருக்கீய. உள்ள ஒரு சொட்டு போவலியே" என்றார்.

அந்த ஒரு சொட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

செயினில் உண்மையில் வேலை நடக்கும் இடம் நம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு பின் இருக்கிறது. அதைச் சுற்றி புஷ் என்ற சிறு குழல். குழலுக்கு மேலே சுழலும் ரோலர். இந்த அமைப்பை 1880-இல் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் பிழைக்கப் போனவர். இன்று நம் கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் உள்ள ஆலைகளில் தயாராகும் வண்டிச் செயின்களும் அதே பின், அதே புஷ், அதே ரோலர்தான்.

இந்தப் பின் படும் பாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் ஓட்டும் சாதாரண 100 சிசி வண்டியின் பின்சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு முறைக்கு மேல் சுற்றுகிறது. அதற்குள் செயின் ஏறத்தாழ இருநூறு சுற்று போய்வருகிறது. ஒரு சுற்றில் ஒவ்வொரு கண்ணியும் ஸ்பிராக்கெட் என்ற பல்சக்கரங்களில் முன்னதில் ஏறும்போது மடங்கி, இறங்கும்போது நிமிர்ந்து, பின் ஸ்பிராக்கெட்டிலும் அதையே செய்கிறது. ஆக நான்கு அசைவு. ஒரு கிலோமீட்டருக்கு எண்ணூறு முறை அந்தப் பின் புஷ்ஷுக்குள் உரசுகிறது. திருச்செந்தூர் போய்த் திரும்பினால் அறுபதாயிரத்தைத் தாண்டிவிடும். இத்தனை உரசலும் நடுவே எண்ணெய்ப் படலம் இல்லாமல் நடந்தால் இரும்பு இரும்பைத் தின்னும். அந்தத் துகள் துருப்பிடித்து வெளியே கசிவதுதான் செங்காவித் தூள். உங்கள் செயினின் தகட்டு ஓரங்களில் அந்த நிறத்தைப் பார்த்தால், மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் உள்ளே வறண்டுவிட்டது என்று அர்த்தம்.

செயின் இழுபட்டு நீண்டுவிட்டது என்கிறோம். தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் தலைமுடிக் கனத்துக்கு, 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும். நூற்றுச் சொச்சம் கண்ணிகளில் அதைக் கூட்டினால் அரை சென்டிமீட்டருக்கு மேல் வந்துவிடும். அந்த நீளம்தான் தொங்குகிறது, செயின் கவரில் கடகடவென்று அடிக்கிறது, ஸ்பிராக்கெட் பற்களை அரிவாள் முனைபோல் வளைக்கிறது.

அப்படியானால் என் எண்ணெய் ஏன் உள்ளே போகவில்லை? நான் ஊற்றியது வண்டியிலிருந்து இறக்கிய பழைய என்ஜின் ஆயில். ஊரில் பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கியர்கள் தேய்ந்த இரும்புப் பொடியும் கரியும் அதில் கலந்திருக்கும். செயினுக்குள் போனால் அதுவே உப்புத்தாள்போல் அறுக்கும். போதாக்குறைக்கு, பழைய அழுக்கைத் துடைக்காமல் அதன்மேலேயே ஊற்றினேன். மண்ணும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகி, எண்ணெய் நுழைய வேண்டிய தகட்டு இடுக்கை அடைத்துவிட்டது. கிரீஸ் அப்பினாலும் இதே கதிதான். கெட்டியான கிரீஸ் இடுக்குக்குள் இறங்காது, வெளியே நின்று புழுதியைப் பிடித்துவைக்கும். அந்தக் காலத்தில் விவரம் தெரிந்தவர்கள் செயினைக் கழற்றி, தகரத்தில் உருக்கிய கிரீஸில் முக்கி எடுப்பார்கள். சூட்டில் இளகிய கிரீஸ் பின்வரை போய், ஆறியதும் அங்கேயே உறையும். அந்த யோசனை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இப்போது அவ்வளவு சிரமம் வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் அழுக்கைக் கரைத்து, பழந்துணியால் நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். பட்டறைக்காரர்கள் நைன்ட்டி ஆயில் என்று சொல்லும் 90 கியர் ஆயில் போதும். செயினுக்கென்றே விற்கும் ஸ்பிரேயும் நல்லது. துரு எடுக்கும் ஸ்பிரே வேறு. அது ஈரத்தை விரட்டும், ஆனால் படலமாக நிற்காது.

வண்டி ஓடிவந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது போடுவது உத்தமம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே, கீழ்ச்செயினின் உட்புறத்தில் தகடுகள் சேரும் இரண்டு ஓரங்களிலும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓடும்போது செயினின் சுழற்சி எண்ணெயை உள்ளிருந்து வெளியே தள்ளும். அதனால் உட்புறம் விட்டால் பின் வழியாகப் போகும், வெளிப்புறம் விட்டால் மட்கார்டுக்குப் போகும். பிறகு உடனே வண்டியை எடுக்காதீர்கள். இரவு போட்டுவிட்டுக் காலையில் மேலே நிற்பதை ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைத்தால் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். உள்ளே போனது போதும், வெளியே நிற்பது புழுதிக்குத்தான் உணவு.

500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். மழையில் நனைந்தாலோ, என்னைப்போல் உப்புக்காற்றில் ஓட்டினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம்.

சில வண்டிகளில் கண்ணித் தகடுகளுக்கு நடுவே சின்னக் கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். அதை ஓ-ரிங் செயின் என்பார்கள். பின்னுக்கான கிரீஸை ஆலையிலேயே உள்ளே வைத்து அடைத்திருப்பார்கள். அதற்கு நாம் போடும் எண்ணெய், ரோலருக்கும் ரப்பர் காயாமல் இருக்கவும். பெட்ரோலிலோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்த்தால் வளையம் கெட்டு உள்கிரீஸ் போய்விடும். போனதைத் திரும்ப வைக்க வழியில்லை.

வளையம் இல்லாத சாதாரணச் செயின் வண்டிகள் பலவற்றில் முழு செயின் கவர் கொடுக்கிறார்கள். பார்வைக்கு நன்றாக இல்லை என்று இளைஞர்கள் அதைக் கழற்றிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. புழுதியையும் மழையையும் தடுக்கிற ஒரே கூரை அது. பின்னால் உட்காருபவரின் சேலை செயினில் சிக்காமல் காப்பதும் அதுதான்.

"நல்லா டைட் வைங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்கிறோமே, அதுவும் கேடு. இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது செயின் இன்னும் இறுகும். எத்தனை மில்லிமீட்டர் தொய்வு வேண்டும் என்பது வண்டியோடு வரும் கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் அதை அளக்க வேண்டும்.

என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணி பிடிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். துணியோடு விரலையும் ஸ்பிராக்கெட் இழுத்துவிடும். கை விரலை எடுக்க அதற்கு ஒரு நொடிகூட வேண்டாம். பிள்ளைகள் வண்டி துடைக்கும் வீடுகளில் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தேய்மானம் பார்க்க, செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 20 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடுவரை டேப் வைத்து அளக்கலாம். அரை அங்குலக் கண்ணியுள்ள புதுச் செயினில் இது 254 மில்லிமீட்டர். 259-ஐத் தொட்டால் செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

ஆறுமுகநேரியில் அந்தப் பெரியவர் மாட்டிக்கொடுத்த செயின் 18,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கவரைக் கழற்றி அளந்தேன். 256.