நோய்க்குப் பின் ஓட்டம்

பெங்களூரின் தென்கிழக்கே, ஓசூர்ச் சாலையை ஒட்டிய ஹெப்பகோடியில் வாழும் இளைஞர் ஒருவர் டிரையத்லான் பந்தயத்திற்குப் பயில்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீந்தி, மிதிவண்டி ஓட்டி, பின் ஓடியும் முடிக்கவேண்டிய முப்போட்டி அது. பந்தயம் நெருங்கும் வேளையில் காய்ச்சல் அவரைப் படுக்கையில் கிடத்திவிடுகிறது. பட்ட பாடெல்லாம் பாழாயிற்று என்றே அவருக்குத் தோன்றும். அது முற்றும் உண்மையன்று.

மராட்டிய மாநிலத்துப் பீடு மாவட்டத்தில் உழவர் குடியிற் பிறந்த இராணுவ வீரர் அவினாஷ் சாப்ளே. 28 தடைகளையும் 7 நீர்த் தடைகளையும் தாண்டி ஓடும் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் அவருடைய பந்தயம். டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு முன்னர்க் கொரோனாத் தொற்று அவரது பயிற்சியைக் குலைத்தது. எனினும் 2021 ஜூலை 30 அன்று அவர் 8 நிமிடம் 18.12 வினாடியில் ஓடித் தம்முடைய தேசியச் சாதனையையே முறியடித்தார்! தம் பிரிவில் ஏழாவதாக வந்தமையால் இறுதிப் போட்டியில் இடம் கிட்டவில்லை. அது வேறு கதை.

இது எங்ஙனம் இயலும்? உடல் ஈட்டிய ஆற்றல் ஒரே நாளில் கரைந்துபோவதில்லை. குருதியின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே குறையும். ஆயின் பயிற்சி தொடங்கியதும் விரைவில் மீளும். உயிர்வளியைச் சுமக்கும் செவ்வணுக்களோ ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்வன. தசைகளில் பல்லாண்டுப் பயிற்சியால் விளைந்த மாற்றங்களும் மெல்லவே தேயும். களைப்போ அவற்றினும் விரைவாக நீங்கிவிடும். அளவுக்கு மீறிப் பயின்றவர்க்கு, வேண்டாமலே வந்த ஓய்வு நன்மையாய் முடிவதும் உண்டு.

இதைக் கேட்டு, காய்ச்சலோடு ஓடலாம் என்று எவரும் துணியலாகாது. சில வைரஸ் நோய்கள் இதயத் தசையையும் தாக்கும். அந்நிலையில் கடும் உழைப்பு உயிருக்கே இறுதியாகலாம்.

பிரிட்டனின் கிரிஸ்ஸி வெல்லிங்டன் நான்கு முறை உலகப் பட்டம் வென்றவர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, ஒரு முழு மாரத்தான் என்று அமைந்த நெடும் முப்போட்டி அது. 2010 அக்டோபர் 9 அன்று ஹவாய்த் தீவில், பந்தய நாள் காலையிலேயே, உடல்நலமின்மையால் அவர் விலகிக்கொண்டார். புகழின் உச்சியில் நிற்பவர்க்கு அது எளிய முடிவா? ஆறு வாரங்களுக்குப் பின் அரிசோனாவில் 8 மணி 36 நிமிடம் 13 வினாடியில் முடித்து வென்றார். அவ்வெற்றியின் முற்பாதி, ஹவாயில் நீரில் இறங்காதிருந்த காலைப்பொழுதே என்பேன்.

நம் ஹெப்பகோடி இளைஞர் செய்யத்தக்கது யாது? காய்ச்சல் தணிந்து, உடல் வலியும் நீங்கியபின், முதலில் நடக்கட்டும். நடையில் மூச்சு வாங்கவில்லையெனில் மெல்ல ஓடலாம். விழித்தவுடன் படுக்கையிலேயே நாடித் துடிப்பை எண்ணிப் பார்ப்பது நன்று. வழக்கத்தினும் பத்துத் துடிப்பு மிகுந்திருப்பின் அன்றைக்கு ஓட்டம் வேண்டா. மார்பில் வலியோ படபடப்போ தோன்றினால் மருத்துவரைக் கண்ட பிறகே காலணியை மாட்டவேண்டும்.