எழுத்தில் ஏறாத ஓசை

(விருதுநகரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிவகாசிக்குக் ‘குட்டிச் சப்பான்’ என்றொரு பெயருண்டு. நேரு பெருமகனார் வழங்கிய பெயர் அஃது என்பர். 1920களில் ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழில் கற்று மீண்டனர். அத்தொழிலும், அதன் வழிவந்த வெடித்தொழிலும், அச்சுத்தொழிலும் வானம் பார்த்த கரிசல் மண்ணில் வேரூன்றித் தழைத்தமை கண்டு எழுந்த பெயர் அது. தொழிலால் வந்த பெயர் தொழிலோடு நிற்கட்டும். சப்பான் நாட்டினின்று தமிழர் கற்றுக்கொள்ள வேண்டிய மொழிப்பாடமும் ஒன்றுண்டு. அது பெருமைப்பாடம் அன்று, எச்சரிக்கைப் பாடம்.

சப்பானின் தெற்கே, தைவானை நோக்கி நீளும் ஒரு தீவுக்கோவை உண்டு. அதன் பெயர் இரியூக்கியூ. 1429 முதல் தனியரசாக விளங்கிய அந்நாட்டின்மேல் 1609இல் சத்சுமாப் படை பாய்ந்தது. 1879இல் சப்பானியப் பேரரசு அதனை ‘ஒகினாவா’ என்னும் பெயரால் தன் ஆட்சிப்பகுதியாக இணைத்துக்கொண்டது. அத்தீவுகளின் மொழிகள் சப்பானியத்திற்கு உடன்பிறப்புகள். ஆயினும் இவற்றைப் பேசுவோர் பேச்சு சப்பானியர்க்கு விளங்காது. அமாமி, குனிகாமி, ஒகினாவா, மியாக்கோ, யாயெயாமா, யொனாகுனி என்னும் ஆறு மொழிகளையும் 2009இல் யுனெசுக்கோ நிறுவனம் அழிவை எதிர்நோக்கும் மொழிகளின் வரிசையிற் சேர்த்தது.

அம்மொழிகளின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எழுத்திலும் சொல்லிலும் மட்டுமன்று, ஓசையின் ஏற்ற இறக்கத்திலும் இருக்கிறது என்பதே விடை. எழுத்துகள் ஒன்றாகவே இருக்க, குரலின் மேடுபள்ளம் மாறினாற் சொல்லின் பொருளும் மாறும். சப்பானியத்திலேயே இதற்கு எளிய சான்றுண்டு. ‘அமெ’ என்னும் சொல்லை மேலெழுப்பித் தாழ்த்தினால் மழை. தாழ்விலிருந்து உயர்த்தினால் இனிப்பு மிட்டாய். யொனாகுனித் தீவின் மொழியிலோ சொற்களெல்லாம் மூன்று ஓசைவகையுள் ஒன்றில் அடங்கும்: உயர்ந்து நிற்பது ஒன்று, தாழ்ந்து நிற்பது ஒன்று, உயர்ந்து வீழ்வது ஒன்று.

மியாக்கோ மொழியின் இக்கேமா வழக்கில் நிகழ்ந்த செய்தி இன்னும் வியப்புடையது. அதில் இரண்டு ஓசைவகைகளே உள்ளன என்று மொழிநூலார் நெடுங்காலம் எழுதிவந்தனர். 2012இல் வெளிவந்த ஆய்வொன்று, இரண்டல்ல, மூன்று என நிறுவியது. முன்னோர் ஏன் தவறினர்? சொல்லைத் தனியே சொல்லச்செய்து கேட்டால் மூன்றாவது வேறுபாடு வெளிப்படுவதில்லை. அச்சொல்லின்பின் இடைச்சொற்கள் அடுத்தடுத்து ஒட்டித் தொடர் நீளும்போதுதான் வேறுபாடு காதிற்படும். சொற்பட்டியலை நீட்டி, ‘இதற்கு உம் மொழியில் என்ன சொல்?’ என்று கேட்பவனுக்கு அம்மொழி தன்னை முழுதும் காட்டவில்லை. இருந்து, கேட்டு, பேச்சைப் பேச்சாகவே வாங்கியவனுக்குத்தான் காட்டிற்று.

இந்தியாவிலும் இத்தகு மொழிகள் உள. மணிப்புரியும் மிசோவும் ஓசையாற் பொருள் பிரிப்பன. பஞ்சாபியில் ‘கோடா’ என்பதுபோல் ஒலிக்கும் சொல், தாழ்ந்த ஓசையிற் குதிரை. சமமாகச் சொன்னால் சாட்டை. உயர்ந்த ஓசையில் தொழுநோயாளி. பழங்காலத்தில் மூச்சோடு கூடி ஒலித்த வல்லொலிகள் மழுங்கியபோது, அவை விட்டுச்சென்ற இடத்தை ஓசை வேறுபாடு நிரப்பிற்று. பழைய எழுத்துகள் இன்றும் ஏட்டிலுள்ளன. அவற்றின் வேலையை ஓசை செய்கிறது.

இனித் தமிழுக்கு வருவோர் ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். தமிழ் இவ்வகை மொழியன்று. ‘மரம்’ என்பதை எக்குரலிற் சொன்னாலும் மரமே. தமிழிற் சொற்பொருளைப் பிரிப்பவை குறில் நெடிலும் ஒற்றுமே ஆம்: கல் வேறு, கால் வேறு, பல் வேறு, பள் வேறு. ஆயினும் ஓசைக்குத் தமிழில் வேலையில்லை என்று கொள்ளற்க. அதன் வேலை தனிச்சொல்லில் இல்லை, தொடரில் உள்ளது. இதனை முதற்கண் உணர்ந்து நூற்பா யாத்தவர் தொல்காப்பியரே.

எழுத்ததிகாரப் புணரியலின் இறுதியில் இரண்டு நூற்பாக்கள் உள்ளன. எழுத்தால் ஒன்றுபோற் காணப்படும் புணர்ச்சிகள் இசையால் வேறுபடும் என்கிறது முன்னது. அவ்வேறுபாட்டை இன்னது என எழுத்தில் வைத்துக் காட்ட இயலாது என்கிறது பின்னது. உரையாசிரியர்கள் காட்டும் ‘செம்பொன்பதின்றொடி’ என்னும் எடுத்துக்காட்டைப் பாருங்கள். செம்பு, ஒன்பதின் தொடி என்று பிரித்திசைத்தால் ஒன்பது தொடி நிறையுள்ள செம்பு. செம்பொன், பதின் தொடி என்று இசைத்தால் பத்துத்தொடிப் பொன். குரல் எங்கே நிற்கிறது, எங்கே எழுகிறது என்பதொன்றே செம்பைப் பொன்னாக்குகிறது. ‘குன்றேறாமா’ என்பதும் அத்தகையதே: குன்று ஏறாத மா எனவும், குன்று ஏறும் ஆமா எனவும் இருபொருள்படும்.

இடையியலிலும் ஆசிரியர் இதனை விட்டாரல்லர். ஔகார இடைச்சொல் இசையின் குறிப்பால் வேறுவேறு பொருள் தரும் என்றார். இன்றும் கதைகேட்கும் சிறுவன் கொட்டும் ‘உம்’ ஒன்றே போதுமே! தாழ்த்திச் சொன்னால் உடன்பாடு. உயர்த்திச் சொன்னால் வினா. நீட்டி நெளித்தால் ஐயம். ஒரே எழுத்து, மூன்று கருத்து.

பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தியார் எழுத்துகளின் பிறப்பைக் கூறி முடிக்குமிடத்தில், எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் மூன்று முயற்சிகளால் ஒலிகளுக்குள் சிறுசிறு வேறுபாடுகள் உண்டாம் என்றார். எடுத்தல் உயர்த்தி ஒலித்தல். படுத்தல் தாழ்த்தி ஒலித்தல். நலிதல் இரண்டற்கும் இடைப்பட்டது. ‘வந்தான்’ என்பது வினைமுற்றா, வந்தவன் என்னும் பெயரா என்பதையும் ஓசையால் உணரலாம் என்பது உரையாசிரியர் துணிபு. பெயராயின் படுத்தலோசை பெறும் என்பர். ‘வந்தான் சென்றான்’ என்பதைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வினைகளாகவும் கேட்கலாம். வந்தவன் சென்றான் என ஒரே செய்தியாகவும் கேட்கலாம். ஏட்டில் இரண்டும் ஒன்றே. வாயில் இரண்டும் வேறு.

இஃது ஏட்டுப்புலவர்க்கே உரிய நுட்பம் என்று எவரும் எண்ண வேண்டா. வெடித்தொழில் நடக்கும் அறையில் ஒருவர், ‘மருந்து காய்ந்தது’ என்கிறார். இறுதியில் குரல் தாழ்ந்தால் அது செய்தி, அடுத்தவர் கைவைக்கலாம். இறுதியில் குரல் எழுந்தால் அது வினா, கைவைத்தல் ஆகாது. வினாவெழுத்து ஒன்றும் அங்கே சேரவில்லை. ஓசையே வினா. ‘தீ’ என்னும் ஓரெழுத்தொருமொழியை அமைதியாகச் சொன்னால் அடுப்பு நினைவுக்கு வரும். வெட்டியெடுத்துச் சொன்னால் அறையிலுள்ளோர் அத்தனை பேரும் வாயிலுக்கு ஓடுவர். கருமருந்தோடு பழகும் மக்களுக்கு ஓசை அணியன்று, உயிர்க்காவல்.

சப்பானையும் தமிழையும் ஒருங்கே பேசியதும், அவ்வோசை தமிழிலிருந்து சென்றதோ என்னும் வினா அன்பர்கள் உள்ளத்தில் எழும். சுசுமு ஓனோ (1919–2008) என்னும் சப்பானியப் பேரறிஞர் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழுக்கும் சப்பானியத்திற்கும் உறவுண்டு எனச் சொற்களையும் இலக்கணத்தையும் வழக்கங்களையும் ஒப்பிட்டு எழுதினார். யாழ்ப்பாணத்து அறிஞர் சண்முகதாசும் மனோன்மணி அம்மையாரும் அவருக்குத் துணைநின்றனர். அவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் மொழிநூலாரிற் பெரும்பாலோர் அம்முடிபை ஏற்கவில்லை. இரியூக்கியூ ஓசைவகைகளைத் தமிழின் எடுத்தல் படுத்தலோடு உறவாக்கிக் காட்டச் சான்றேதும் இல்லை. தமிழின் பெருமை உறவுமுறை தேடி அலைய வேண்டிய ஏழ்மையில் இல்லை. எழுத்தில் ஏறாத ஓசையும் மொழியின் உறுப்பே என்று இரண்டாயிரம் ஆண்டளவிற் பழமையான ஒரு நூல் உணர்ந்து சொன்னதே போதிய பெருமை.

இரியூக்கியூ தரும் எச்சரிக்கை பிறிதொன்று. அங்குப் பள்ளிகளில் ‘வழக்குமொழிப் பட்டிகை’ என்று ஒன்று இருந்தது. தாய்மொழியிற் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிடுவர். அதே குற்றத்தைச் செய்யும் மற்றொரு பிள்ளை அகப்படும்வரை அப்பலகை கழுத்திலேயே கிடக்கும். தன் கழுத்துச் சுமையை இறக்கவேண்டின், தன் தோழன் எப்போது தாய்மொழியிற் பேசுவான் என்று ஒவ்வொரு பிள்ளையும் காத்திருக்க வேண்டும். காட்டிக்கொடுத்தலையே பாடமாக்கிய பள்ளி அது! 1945இல் ஒகினாவாப் போர் நிகழ்ந்தபோது, ஒகினாவா மொழியிற் பேசுவோரை ஒற்றராகக் கருதி ஒறுக்கச் சப்பானியப் படை ஆணை பிறப்பித்தது. தாய்மொழி பேசிய நா தன் உயிருக்கே பகையாயிற்று.

விளைவு யாது? பெற்றோர் தம் பிள்ளைகளோடு தம் மொழியிற் பேசுவதை நிறுத்தினர். 2006இல் ஒகினாவா ஆட்சி செப்டம்பர் 18ஆம் நாளைத் தீவுமொழி நாளாக அறிவித்தது. நாள் வந்தது; ஆனால் அம்மொழிகளைத் தடையின்றிப் பேசவல்லோர் இன்று பெரும்பாலும் முதியோரே. சொற்களை அகரமுதலியில் தொகுத்துவிடலாம். இக்கேமாவின் மூன்றாம் ஓசையை எந்த அகரமுதலி தானே ஒலிக்கும்? அது முதியோர் தொண்டையில் இருக்கிறது. தொண்டை அடங்கினால் ஓசையும் அடங்கும்.

பெருமக்களே! அந்தப் பலகையைச் சப்பானியர் கையில் மட்டும் தேடற்க. தமிழிற் பேசிய பிள்ளைக்குத் தண்டம் விதித்த ஆங்கிலவழிப் பள்ளிகள் தமிழ்மண்ணிலும் இருந்தமையைப் பெற்றோர் அறிவர். ஒகினாவா தன் மொழிக்கு நாள் குறித்த அதே 2006இல், தமிழகப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கத் தமிழக அரசு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அஃது ஒருபுறம் நிற்க. கண்ணுக்குத் தெரியாத பலகை ஒன்று தமிழ் வகுப்பறையிலும் தொங்குவதுண்டு. கரிசற் சிற்றூரிலிருந்து வரும் பிள்ளை தன் ஊரின் இழுவையோடு பாடம் படிக்கிறான். வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியரும் சேர்ந்து சிரிக்கிறார். அன்றோடு அப்பிள்ளை வாய்திறந்து படிப்பதை விடுகிறான். அவன் சொல்லில் வழுவிருந்தால் திருத்துக. அயற்சொல் புகுந்திருந்தால் நீக்குக. ழகரமும் ளகரமும் மயங்கினால் நாவைப் பழக்குக. அது தமிழாசிரியர் கடமை. ஆனால் அவனூர் ஓசை வழுவன்று. எந்த நூற்பாவும் அதனைக் குற்றமென்று கூறவில்லை. தூய தமிழ் என்பது தூய சொல். எல்லா ஊர்க்கும் ஒரே குரல் என்பதன்று. சொல்லைத் திருத்தப் புகுந்து நாவையே கட்டிவிடுவோர், ஒகினாவா ஆசிரியர் செய்ததையே நல்லெண்ணத்தோடு செய்தவர் ஆவர்.

சிற்றூர் வாயில் வாழும் சொல்லைப் புலவர் ஏட்டுச் சொல்லுக்கு இணையாக மதித்தவர் மொழிஞாயிறு பாவாணர். அவர் இளமையிற் கற்றும் கற்பித்தும் வாழ்ந்த முறம்பு இம்மாவட்டத்து இராசபாளையத்தை அடுத்ததே. சொல்லாராய்ச்சியோடு இசைத்தமிழையும் விடாது பேணிய பெருமகன் அவர். அண்டையிலுள்ள இடைசெவலில் வாழ்ந்த கி. இராசநாராயணன் (1923–2021) கரிசல் வழக்குச் சொற்களைத் திரட்டி அகரமுதலி தந்தார். சொற்கள் காக்கப்பட்டன. அச்சொற்களைச் சொன்ன குரல்கள்?

ஓசையைக் காக்கும் வழி தமிழர்க்குப் புதிதன்று. திருவில்லிபுத்தூர்க் கோயிலில் அரையர் ஆழ்வார் பாசுரங்களை இசையோடும் மெய்ப்பாட்டோடும் நிகழ்த்துகின்றனர். பாசுரம் அச்சில் எங்கும் கிடைக்கும். அதனை நிகழ்த்தும் முறையோ தந்தை வாயிலிருந்து மகன் காதுக்கு வந்தது. ஒரு குடும்பம் செய்ததை ஓர் ஊர் செய்ய இயலாதா?

செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, வகுப்பில் வாய்விட்டுப் படித்தலை மீட்டல். செய்யுளைப் பொருளறிந்து பிரித்து, எடுக்கும் இடத்தில் எடுத்து, படுக்கும் இடத்திற் படுத்துப் படிக்காதவனுக்குச் செம்பும் பொன்னும் ஒன்றே. இரண்டு, ஊர்முதியோர் பேச்சை ஒலிப்பதிவு செய்தல். கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் செல்பேசியாகக் கிடக்கிறது. தனிச்சொல் கேட்டுப் பதியற்க. கதை, தாலாட்டு, ஒப்பாரி, வழக்காடல், விலைபேசல் எனப் பேச்சைப் பேச்சாகவே பதிக. பேசியவர் இசைவைப் பெற்று, அவர் ஊரையும் ஆண்டையும் குறித்து வைக்க. இக்கேமா கற்பித்த பாடம் அது. மூன்று, பிள்ளையின் ஊரோசையைக் கண்டு சிரிக்காதிருத்தல். இம்மூன்றாவதற்குப் பொருட்செலவு இல்லை. ஆனால் மூன்றிலும் அரியது இதுவே.

‘தமிழ்நாடு’ என்னும் பெயருக்காக 1956இல் இவ்விருதுநகரில் 76 நாள் உண்ணாநோன்பு கிடந்து உயிர் ஈந்தார் சங்கரலிங்கனார். 1969இல் அப்பெயர் எழுத்தில் ஏறிற்று. எழுத்தில் ஏறக்கூடியதை ஓர் ஈகத்தால் ஏற்றலாம். எழுத்தில் ஏறாததை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நாளும் பேசியே காக்கவேண்டும். இன்றிரவு வீடு திரும்பியதும் பாட்டியரிடம் ஒரு கதை கேளுங்கள். கேட்கும்போது பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

வாழிய செந்தமிழ்!